பதினோராவது நிமிடத்துப் பிழை

பாலையூற்றில் டொமினிக் என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்பீக்கர் டொமினிக் என்றால் ஒருவன்தான் திரும்புவான். அதுவும் இடது பக்கத்தில் நின்று கூப்பிட வேண்டும். வலது காது போய் ஆறு வருடம்.

காது போன கதையை அவன் பெரிதுபடுத்துவதில்லை. இருபத்தெட்டு வருடமாகத் திருகோணமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஸ்பீக்கர் கட்டி வருகிறான். மாதா கோயில் திருநாள், அம்மன் கோயில் திருவிழா, கலியாணவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, எலக்சன் கூட்டம், செத்தவீடு. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேசையை எங்கே போட்டாலும் வலது பக்கம்தான் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் நிற்கும். இடது பக்கத்தை ஜெனரேட்டர் வயருக்கு விட்டுவிடுவான். அப்படி நின்று நின்று வலது காது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. ஒருநாள் டெலிபோனை வலது காதில் வைத்து, லைன் செத்துப் போய்விட்டது என்று கம்பனிக்கு முறைப்பாடு செய்யப் போனபோதுதான் தெரிந்தது.

போன தை மாதம் இடது காதிலும் ஒரு விசில் தொடங்கியது. அடுப்பில் கேத்தல் கொதித்து, யாரும் இறக்காமல் விட்டதுபோல. ஆஸ்பத்திரி டொக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றலாம், போனதைக் கொண்டுவர முடியாது என்றார். இனிப் பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் மனைவி கிறிஸ்டின் சத்தியம் வாங்கினாள்.

"இனிப் போகமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"போகமாட்டன்."

"நான் வலப்பக்கம் இருந்துதான் கேட்டனான். என்ன கேட்டனான் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

அவன் அவளுடைய வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருந்தான். அது அவளுக்குத் தெரியும்.

பெட்டிகளையும் மிக்சரையும் பஹ்மியிடம் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பஹ்மி கிண்ணியாக்காரன். ஜெனரேட்டர் அவனுடையது. இருவரும் பத்தொன்பது வருடக் கூட்டு. அந்தக் கூட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நிகழ்ச்சியானாலும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரம் வந்ததும் பஹ்மி ஜெனரேட்டரடியில் எழுந்து நின்று, கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க இறக்குவான். டொமினிக் சத்தத்தை முழுதாக இறக்குவான். பாங்கு முடிய உள்ளங்கை மேலே திரும்பும். கோயில் வாசலில் கட்டினாலும் மாதா திருநாளுக்குக் கட்டினாலும் அதுதான். தெருவால் பிரேதம் போனாலும் அதே கைதான். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஊரில் ஸ்பீக்கர் கட்டுகிற எவனுடைய கையிலும் அது இருக்கும். பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டான் என்று இதுவரை ஒரு மாப்பிள்ளை வீட்டாரும் சண்டைக்கு வந்ததில்லை.

எல்லாம் ஒழுங்காகியிருந்த நேரத்தில்தான் வெஸ்க் வருகிற செய்தி வந்தது.

வெஸ்க் யார் என்று பாலையூற்றில் டொமினிக்கைத் தவிர யாருக்கும் தெரியாது. சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில், நிலாவெளி ஹொட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்களின் விருந்து நடந்தது. கண்ணிவெடி அகற்ற வந்திருந்த ஒரு தாடிக்காரன் ஒரு சீடியைக் கொடுத்துப் போடச் சொன்னான். விருந்து முடிய அதை மறந்துவிட்டுப் போனான். அறுபத்துநாலு நிமிடம். ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு துறைமுகத்துப் பண்டகசாலைக்குள், கூட்டத்துக்கு முன்னால், வெஸ்க் என்கிறவன் தனியாக நாலு மெசினை வைத்துக்கொண்டு வாசித்தது. பாட்டு இல்லை, சொல் இல்லை. இடி ஒன்று விழுந்துகொண்டே இருக்கும். அதன் மேல் ஒவ்வொரு சத்தமாக ஏறும், இறங்கும். டொமினிக் முதலில் சீடியில் கீறல் விழுந்து ஒரே இடத்தில் சுற்றுகிறது என்றுதான் நினைத்தான். மூன்றாம் தடவை போட்டபோது உட்கார்ந்துவிட்டான்.

பதினோராவது நிமிடத்தில் ஒரு பிழை வரும். இடி தாளத்தில் அரை அடி முந்திப் பாய்ந்துவிடும். மேலே இருந்ததெல்லாம் தட்டு அடுக்குச் சரிந்தமாதிரிச் சரியும். கூட்டம் ஊளையிடும். மூன்று விநாடி. பிறகு ஊசிபோல ஒரு சத்தம் எங்கிருந்தோ வந்து, சரிகிற எல்லாவற்றையும் கொளுவிப் பிடித்துத் திரும்ப நேராக்கும். அந்த மூன்று விநாடிக்காகத்தான் டொமினிக் அந்தச் சீடியை இருபது வருடமாகக் கேட்டான். மெசினுக்குப் பின்னால் ஒரு மனிதன் வியர்ப்பது அதில் கேட்கும். மிக்சரில் கைவைத்த எவனுக்கும் அந்த வியர்வை தெரியும்.

"வயித்துக்குள்ள அரைவை மில் ஓடுற மாதிரிக் கிடக்கு," என்பாள் கிறிஸ்டின். "இதைப் போட்டா பக்கத்து வீட்டுக் கோழியும் முட்டை இடாது."

பிற்காலத்தில் போனில் இதேமாதிரி இசைக்காரர்கள் ஆயிரம்பேரைப் பார்த்தான். கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறவர்கள், நெருப்புக் கக்குகிற மேடைகள். ஒருவனிலும் பிழை வரவில்லை. அவனுக்குப் பிடிக்கவில்லை. வெஸ்க் ஒருவன்தான் மனிதன் என்று வைத்திருந்தான். ஒருநாள் நேரில், அவனுடைய கையைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதை அவன் பஹ்மிக்கு மட்டும் சொல்லியிருந்தான்.

ஓகஸ்ட் மாதம் பஹ்மி ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். நிலாவெளிக் கடற்கரையில் அந்திநேர நடனம். நடுவில் வெஸ்கின் முகம். பின்னால் சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"உன்ட ஆள்தானே மச்சான்?"

"ஓம்," என்றான் டொமினிக். கொஞ்சநேரத்துக்குப் பிறகுதான் படத்தைக் கவனித்தான். "இதென்னடா, கிழக்குக் கரையில, நிலாவெளியில, சூரியன் எந்தக் காலத்தில கடலுக்க போனது?"

"கொழும்பாருக்கு எல்லாக் கடலும் காலிமுகத்திடல்தான். ஹொட்டல்காரர் உன்னைத்தான் கேக்கிறாங்க. காத்தும் கரண்டும் தெரிஞ்ச ஆள் மிக்சரில நிக்கட்டாம். ரெண்டு மணித்தியாலம். நான் ஏலாது எண்டு சொல்லிரவா?"

டொமினிக் நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

கிறிஸ்டின் இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பார்மசிக்குப் போய், காதில் அடைக்கிற மஞ்சள் பஞ்சுத் துண்டுகள் ஒரு சோடி வாங்கி வந்தாள்.

"இஞ்சாருங்கோ. இதை வைச்சுக்கொண்டு நிக்கிறதெண்டாப் போங்கோ. கழட்டினா எனக்குத் தெரியும்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"வீட்டுக்கு வந்தாப்பிறகு நான் கூப்பிடேக்க தெரியும்."

அவன் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். சொல்லும்போதே அது பொய். பஞ்சை அடைத்துக்கொண்டு வெஸ்கைக் கேட்பது அடுத்த வீட்டு விருந்தை மதிலுக்கு இந்தப்பக்கம் நின்று மணப்பதுபோல. இடது காதில் மிஞ்சியிருப்பது கொஞ்சம். அதில் இரண்டு மணித்தியாலத்தை வெஸ்குக்குக் கொடுப்பது என்று தனக்குள் தீர்த்துக்கொண்டான். காது அதற்குப் பிறகு எப்படியும் போகட்டும்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கே லொறியில் சாமான்களோடு போய் இறங்கினார்கள். கரைவலைக்காரரின் தோணிகளை ஹொட்டல்காரர் ஒரு பக்கமாகத் தள்ளுவித்திருந்தார்கள். மீன் மணத்துக்கு ஏதோ எலுமிச்சை மருந்தை மணலில் அடித்திருந்தார்கள். மீனும் எலுமிச்சையும் வெயிலில் சேர்ந்து, பிள்ளை கக்கிய பால் துணிமாதிரி மணத்தது. மீன் அள்ளுகிற நீலப் பெட்டிகளைக் கழுவாமலே ஐஸ் போட்டு பியர் அடுக்கியிருந்தார்கள். ஐஸில் செதில் மினுங்கியது. மணலில் நிறுத்திய பிளாஸ்டிக் கக்கூசுகள் ஐந்தும் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றன. அவற்றின் அடியிலிருந்து ஒரு ஈரக் கோடு மணலில் படர்ந்த இராவணன் மீசைப் புல்லுக்குள்ளால் கடலை நோக்கி ஏற்கெனவே புறப்பட்டிருந்தது.

நிகழ்ச்சியை நடத்த வந்தவன் பெயர் நிப்றாஸ். பையன் இல்லை, முப்பத்தைந்து வயது ஆள், ஆனால் பையன்போல உடுத்தியிருந்தான். கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்கியது.

டொமினிக் தன் வழக்கப்படி மேடைக்கு ஏறி ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தான். வெஸ்கின் மெசின்கள் நாலும் மேசையில் இருந்தன. சீடி உறையில் பார்த்த அதே மெசின்கள். பிறகு பின்னால் குனிந்து பார்த்தான். கரண்ட் வயர் போயிருந்தது. விளக்குகள் எரிந்தன. சத்தம் வருகிற வயர்கள் நாலும் மேசைக்குக் கீழே வந்து, சுருட்டி, நுனியில் கறுப்பு டேப் ஒட்டி, ஒன்றிலும் செருகாமல் கிடந்தன.

"தம்பி, இது நாலும் எங்க போகுது?"

நிப்றாஸ் ஒரு லப்டொப்பைக் கொண்டுவந்து மிக்சருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அது அப்படியே இருக்கட்டும் அண்ணே. நீங்க இந்த லைன மட்டும் எடுங்க. ரெண்டு மணித்தியாலம் ஓடும். நடுவுல கை வெச்சிராதீங்க. நெருப்பு, புகை எல்லாம் இதுக்குத்தான் செட் பண்ணி வெச்சிருக்கு."

"அப்ப அவர் என்ன வாசிக்கிறது?"

"அவர் அவர்ட வேலையப் பாப்பார். இன்னொண்டு, மேடையில ஸ்பீக்கர் வேணாமாம். அவர்ட காதுக்குள்ள போற செட்டுக்கு மட்டும் சத்தம் குடுங்க. நல்லாக் கூட்டிக் குடுங்க."

டொமினிக் காதுச் செட்டுக்குத் தனியாக ஒரு வழி பிரித்துக் கொடுத்தான். கூட்டத்துக்குப் போகிற சத்தத்தை என்ன செய்தாலும் வெஸ்கின் காதுக்குப் போவது மாறாது. மிக்சரில் எவனும் அப்படித்தான் செய்வான்.

பிறகு ஜெனரேட்டரடிக்குப் போய்ப் பஹ்மிக்குப் பக்கத்தில் குந்தினான்.

"இப்ப எல்லாம் வயர் இல்லாம வருதுதானே?" என்றான்.

"எது?"

"சத்தம். மெசினில இருந்து லப்டொப்புக்கு."

பஹ்மி அவனுடைய முகத்தைப் பார்த்தான். "வரும் மச்சான்," என்றான். "ஏன் வராது."

நாலு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. உடம்பெல்லாம் மினுக்குத் தூள். வியர்வை வழிந்த இடத்தில் தூள் கோடாக இறங்கி, கக்கத்தில் சேறாக நின்றது. ஒரு வெள்ளைக்காரி வாயைத் திறந்தபடி மணலில் நித்திரை. வாயோரத்தில் ஈ. கொழும்பிலிருந்து வந்த ஒருவன் 'அந்தோனியார் துணை' என்று எழுதிய தோணியின் முன்பக்க அணியத்தில் சாய்ந்து நின்று மூத்திரம் பெய்தபடி, பக்கத்தில் நிற்கிறவனோடு வீட்டுக் காணி விலை கதைத்தான். டொமினிக் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தான். சந்தைக்குள் நின்றுகொண்டு பூசைக்குக் காத்திருக்கிறவன்போல இருந்தான்.

ஐந்து மணிக்கு ஹொட்டலின் பற்றரி வண்டியில் வெஸ்க் வந்தான். சீடி உறையில் எலும்பாய் இருந்தவன் இப்போது ஊதியிருந்தான். மயிரில் கறுப்புச் சாயம். முகத்தில் வெயில் கிரீம் பூசித் தேய்க்காமல் விட்டது வெள்ளைத் திட்டாக நின்றது. பல் மட்டும் புதுப் பீங்கான் கோப்பைபோல வெளுப்பு. மேடைப் படியடியில் நின்று யாரையும் பார்க்காமல் கையை நீட்டினான். யாரோ ஈரத் துவாயைக் கொடுத்தார்கள். கழுத்தைத் துடைத்தான், கக்கத்தைத் துடைத்தான், மூக்கைச் சிந்தினான், துவாயை மணலில் போட்டான்.

டொமினிக் போய் அந்தத் துவாயை எடுத்தான். உதறி, மடித்து, கேபிள் பெட்டியின் மேல் வைத்தான். ஏன் வைத்தான் என்று அப்போது அவன் தன்னைக் கேட்கவில்லை.

பஞ்சுத் துண்டுகள் சட்டைப்பையில் இருந்தன. நிப்றாஸ் லப்டொப்பைத் தட்டி ஓடவிட்டான்.

முதல் இடி விழுந்தபோது, பொய் சொல்லக்கூடாது, அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. சத்தம் காதால் வரவில்லை. மணலுக்குள்ளால் வந்து, முழங்காலில் ஏறி, விலா எலும்பை உள்ளிருந்து தட்டியது. வலது காது செத்ததுகூடத் தெரியவில்லை. வலது பக்கம் முழுவதும் எலும்பால் கேட்டது. முன்னால் முந்நூறு உடம்பும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன. மேலே வெஸ்க் மெசின்மேல் குனிந்து ஒரு குமிழைத் திருகினான். ஒரு மெல்லிய சத்தம் ஏறியது. திருகியதால்தான் ஏறியது என்று டொமினிக் நம்பினான். இடது காதுக்குள் சூடாக இருந்தது. போகட்டும் என்று நின்றான். ஐம்பத்திரண்டு வயதில் கண்ணில் தண்ணீர் வந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஒரு மணித்தியாலம் அப்படிப் போயிற்று. சூரியன் ஹொட்டலின் தண்ணித் தாங்கிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கூட்டம் கடலைப் பார்த்துக்கொண்டு அந்தியைத் தேடியது.

அப்போது தெரிந்த ஒன்று தொடங்கியது. சீடியின் முதல் நிமிடம். டொமினிக் மிக்சரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தன்னுடைய பழைய வாசிப்பைத் திரும்ப வாசிக்கிறான், இந்தத் தடவை வேறுமாதிரி வரும், எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்போம் என்று காத்திருந்தான். இரண்டாம் நிமிடம். ஐந்தாம் நிமிடம். ஒரு மயிரிழையும் விலகவில்லை. பத்தாம் நிமிடத்தில் அவன் வேண்டத் தொடங்கினான். பிழை வரக்கூடாது. மாதாவே, பிழை மட்டும் வரக்கூடாது.

இடி அரை அடி முந்திப் பாய்ந்தது. தட்டு அடுக்குச் சரிந்தது. ஊளை கேட்டது. கூட்டத்தின் ஊளையா, சீடிக்குள் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் யாரோ போட்ட ஊளையா என்று பிரிக்க முடியவில்லை. மேடையில் வெஸ்க் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தான். ஐயோ என்று வாயைத் திறந்தான். மெசினின் மேல் பாய்ந்து திருகினான். ஊசிச் சத்தம் வந்தது. எல்லாம் நேராயிற்று. நெற்றியைப் புறங்கையால் வழித்து, வியர்வையைக் கூட்டத்தின் மேல் உதறினான். முன்வரிசையில் ஒருத்தி அதை முகத்தில் வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

மூன்று விநாடி. சரியாக மூன்று விநாடி. எத்தனை ஊரில், எத்தனை கடற்கரையில் அந்தத் தலையை அவன் அப்படிப் பிடித்திருப்பான்.

டொமினிக் மேடையிலிருந்து கண்ணை எடுத்தான். கேபிள் பெட்டியின் மேல், முழங்கால் அருகில், அவன் மடித்து வைத்த துவாய் இருந்தது. அதன் புளித்த மணம் இப்போதுதான் மூக்கில் ஏறியது. அதைக் காலால் தள்ளினான். தள்ளிய காலும் அருவருத்தது. இருபது வருடமாக எதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைத்தான். அதற்குக் கொடுத்த காது எரிந்துகொண்டிருந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது.

நிமிர்ந்தபோது ஜெனரேட்டரடியில் பஹ்மி எழுந்து நிற்பது தெரிந்தது. கை நீண்டிருந்தது. உள்ளங்கை கீழே பார்த்து இறங்கியது.

டொமினிக்கின் கையும் இறங்கியது.

யோசித்து இறக்கினாயா, பழக்கத்தில் இறக்கினாயா என்று பிறகு பஹ்மி கேட்டான். தெரியாது என்றான். அது உண்மை.

கடற்கரை சட்டென்று நின்றது. ஆடிக்கொண்டிருந்த கால்கள் மணலில் தடுமாறின. ஆனால் மேடையில் வெஸ்க் நிற்கவில்லை. அவனுடைய காதுக்குள் இடி விழுந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு துள்ளினான். திருகினான். ஒரு கையைத் தூக்கி, கூட்டத்தைப் பொறு பொறு என்று கட்டுப்படுத்தி, பிறகு இரண்டு கையையும் வெட்டி இறக்கினான். மேடையின் இரண்டு பக்கமும் புகை 'ஸ்ஸ்ஸ்' என்று பாய்ந்தது. அவன் வாயைத் திறந்து கத்தியது தெரிந்தது. ஒரு தடித்த மனிதன், அந்திக் கருக்கலில், ஒரு சத்தமும் இல்லாமல் குதித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வயிறு அவனுக்குப் பிந்திக் குதித்தது. சப்பாத்து பலகையில் மோதுகிற தொப்புத் தொப்பு மட்டும்.

நிப்றாஸ் மணலை வாரி இறைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"என்னண்ணே செஞ்சீங்க? ஏத்துங்க! ஏத்துங்கண்ணே!"

பஹ்மி அதற்குள் வந்து மிக்சருக்கும் அவனுக்கும் நடுவில் நின்றான்.

"பாங்கு போகுது தம்பி."

நிப்றாஸ் திறந்த வாயை மூடினான். பள்ளிவாசல் இருக்கிற இக்பால் நகர்ப் பக்கம் திரும்பினான். அவனும் முஸ்லிம் பிள்ளைதான். ஏற்று என்று சொல்ல நா எழவில்லை. ஏற்றாமல் இருக்கவும் மனமில்லை. கீழ் உதட்டைக் கடித்து, ஒரு காலால் மணலைக் கிளறினான். கழுத்து அட்டைகள் ஆடின.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பாங்குக்கு மணி பாக்கப்படாது," என்றான் பஹ்மி. "காலைக் கொஞ்சம் சும்மா வெச்சுக்கொண்டு நில்."

டொமினிக்குப் பாங்கு கேட்கவில்லை. மற்றவர்கள் தலையைத் திருப்பியதைக் கண்டான். தோணியடியில் நின்ற கரைவலைக்காரர் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையைக் காட்டிச் சிரித்ததைக் கண்டான். அவர்களுடைய சிரிப்பும் கேட்கவில்லை. காதுக்குள் கேத்தல் மட்டும் இரைந்தது. முன்னைய கேத்தல் அல்ல இது, நாலைந்து கேத்தல்.

முதலில் ஒருத்தி போனைத் தூக்கினாள். பிறகு எல்லோரும் தூக்கினார்கள். சத்தமில்லாமல் குதிக்கிற மனிதனை முந்நூறு போன்கள் பார்த்தன. யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் பின்வரிசைவரை பரவியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். வெஸ்க் கண்ணைத் திறந்தான். கைதட்டுகிற கூட்டத்தைப் பார்த்தான். நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான்.

பஹ்மியின் உள்ளங்கை மேலே திரும்பியது. டொமினிக் கையைத் தூக்கவில்லை.

"நீரே சத்தத்தை ஏத்தும்," என்றான் நிப்றாஸிடம். "இதுக்கு ஆள் தேவையில்லை."

ஜெனரேட்டருக்குப் பின்னால் போய், கடலுக்கு முதுகு காட்டிக் குந்தினான். சத்தம் திரும்ப வந்து முதுகில் இடித்தது. அப்போதுதான் பஞ்சுத் துண்டொன்றை எடுத்து இடது காதில் அடைத்தான். விசில் உள்ளே அடைபட்டு நின்றது.

முடிந்ததும் கூட்டம் ஹொட்டலுக்குள் போயிற்று. வெஸ்க் பற்றரி வண்டியில் போனான். இருவரும் வயர் சுற்றினார்கள். முப்பது மீற்றர் கேபிளைக் கைக்கு மேல் கையாக இழுத்துவந்தபோது, நடுவில் டொமினிக்கின் கை வழுக்கியது. யாரோ குடித்த பியரை அதன்மேல் சத்தி எடுத்திருந்தார்கள். பஹ்மி மணலை அள்ளி அவனுடைய கையில் கொட்டினான்.

"தேய் மச்சான். நல்லாத் தேய்."

டொமினிக் தேய்த்தான். நெடுநேரம் தேய்த்தான்.

மூன்றாம் நாள் பஹ்மி வீட்டுக்கு வந்தான். கதிரையில் இருக்காமலே போனை நீட்டினான். வெஸ்க் சத்தமில்லாமல் குதிக்கிற படம். நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். தொழுகை அழைப்பைக் கேட்ட கணத்தில் தன் இசையை நிறுத்தி, மௌனத்தில் ஆடிய மகா கலைஞன் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வெஸ்க் கைகூப்புகிற சின்னப் படம் போட்டு நன்றி சொல்லியிருந்தான்.

"எங்கட பள்ளிவாசல்லயும் கதைக்கிறாங்க," என்றான் பஹ்மி. "வெள்ளைக்காரனுக்கு இருக்கிற மரியாதையப் பாருங்க எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டு சொன்னன்."

"ஏன்டா?"

"பின்ன, நானும் டொமினிக்கும்தான் எண்டு சொன்னா, பஹ்மிக்கு விசர் எண்டு சொல்லுவாங்க."

அன்று பின்னேரம் நிப்றாஸ் போன் எடுத்தான். டொமினிக் போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினான்.

"அண்ணே, அத நீங்க செஞ்சதெண்டு யார்ட்டயும் சொல்லிராதீங்க. வெஸ்குக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. அடுத்த மாசம் அறுகம்பேயில ஷோ இருக்கு. அந்த இடம் வந்ததும் அதே மாதிரி இறக்க ஏலுமா?"

"பாங்கு நேரமே தம்பி?"

"அது எந்த நேரமா இருந்தாலும் பரவாயில்லண்ணே. அந்த மௌனம் மட்டும் போதும்."

"எனக்குக் காது கேக்கேல்லைத் தம்பி," என்று சொல்லிவிட்டு டொமினிக் போனை நிறுத்தினான்.

கிறிஸ்டின் குசினி வாசலில் நின்றாள். "என்ன கேக்கேல்லை?"

"லைன் சரியில்லை."

"பஞ்சு வைச்சிருந்தனீங்கள்தானே?"

"வைச்சிருந்தனான்."

"ரெண்டு மணித்தியாலமும்?"

"ஓமடி. எத்தினை தரம் சொல்லுறது."

அந்த மூன்று நாளும் அவள் குரலைக் கூட்டிக் கொண்டே வந்தது அவனுக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்தான். அவள் வாயைப் பார்க்கிற இடத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டான்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை. கிறிஸ்டினும் உள்ளே வந்து மூலைக் கதிரையில் இருந்தாள். கீர்த்தனி என்ற பிள்ளைதான் மெசினுக்கு முன்னால் இருந்தது. அவனுக்குக் காதுச் செட்டைப் போட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"அங்கிள், சத்தம் கேக்கேக்க ஒருக்கா அமத்துங்கோ. மெல்லிசாத்தான் வரும். கவனமாக் கேளுங்கோ."

முதலில் தடித்த சத்தம் வந்தது. அமத்தினான். அடுத்தது கொஞ்சம் மெல்லியது. அமத்தினான். ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் ஒரே இடைவெளி விடுகிறாள் என்பதை அவனுடைய கை கண்டுபிடித்துவிட்டது. இருபத்தெட்டு வருடக் கை. சத்தங்கள் மெலிந்து மெலிந்து விசிலுக்குள் மறைந்தன. கிறிஸ்டின் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அவனுடைய பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நெற்றியைச் சுருக்கினான். கவனமாகக் கேட்கிறவன்போலத் தலையைச் சற்றுச் சரித்தான். கணக்குக்கு அமத்தினான். இடைவெளி விட்டு அமத்தினான். ஒருமுறை, இது மிக மெல்லிசு என்று காட்டக் கொஞ்சம் பிந்தி அமத்தினான்.

கீர்த்தனி எழுந்து வந்து அவனுடைய தலையிலிருந்து செட்டைக் கழற்றினாள். ஏதோ சொன்னாள். குனிந்து மெசினைப் பார்த்தபடி சொன்னதால் வாய் தெரியவில்லை.

டொமினிக் கிறிஸ்டின் பக்கம் திரும்பினான். "என்னவாம்?"

கிறிஸ்டின் கதிரையிலிருந்து எழுந்து, இடது பக்கமாக வந்து, காதோடு வாயை வைத்தாள்.

"ஒரு நிமிசமா அவ சத்தம் ஒண்டும் போடேல்லையாம். நீங்கள் சும்மா அமத்திக்கொண்டிருக்கிறியளாம்."

வெளியே வாங்கில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள். அவனுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.